ஆறாம் ஆண்டிலிருந்து படிவம் ஒன்றுக்கு: தமிழ்ப்பள்ளி மாணவர் கடந்து வந்த வழி

"சார், பையன் தமிழ்ப்பள்ளியில நல்லாத்தான் படிச்சான். படிவம் ஒன்னுக்குப் போனதும் வகுப்புல வாயே திறக்க மாட்டேங்கிறான்."

ஒவ்வோர் ஆண்டும் பள்ளி திறந்த சில வாரங்களில் பெற்றோர் நம்மிடம் சொல்லும் குறை இது. பையனுக்குக் கூச்சம், கவனம் போதவில்லை என்று நாமும் ஏதோ சொல்லி அனுப்பிவிடுகிறோம். நம் நாட்டுக் கல்வி வரலாற்றைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால், இந்தத் தடுமாற்றம் ஒரு பிள்ளையின் குறையாகத் தெரியாது. தமிழ்ப்பள்ளி தொடக்கப்பள்ளியாக மட்டுமே வளர்ந்தது. அதற்கு மேற்பட்ட படிப்பு எப்போதும் வேறொரு மொழியில்தான் இருந்தது.

மேலே வழியில்லாத பள்ளி

மலாயாவில் தமிழ்க் கல்வி 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் ஒரு வகுப்பாகத் தொடங்கியது. அது பரவலானது ரப்பர்த் தோட்டங்களில்தான். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. பள்ளிகள் பெருகின. ஆனால் பல தோட்டங்களில் அவை பெயருக்குத்தான் இருந்தன. ஒரு கொட்டகை, ஒரே ஆசிரியர், சில வகுப்புகள்; அவ்வளவுதான். கொஞ்சம் எழுத்தும் கணக்கும் கற்ற பிள்ளை அப்பா அம்மாவோடு பால்மரத்துக்குப் போகும் என்பதே நிர்வாகத்தின் எதிர்பார்ப்பு. இடைநிலைப்பள்ளிக்கு ஆயத்தப்படுத்தும் எண்ணமே அதில் இல்லை.

நுழைவுத் தேர்வும் புகுமுக வகுப்பும்

1956இல் ரசாக் அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டே அது கல்விச் சட்டமானது. தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகள் பொதுவான பாடத்திட்டத்தோடு தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. இப்போது மேலே போக வழி இருந்தது. ஆனால் அது குறுகலாக இருந்தது. ஆறாம் வகுப்பு முடிவில் ஒரு நுழைவுத் தேர்வு. தேறியவர் இடைநிலைப்பள்ளிக்குப் போனார்கள். தேறாதவர்களில் பலருக்குப் பன்னிரண்டு வயதோடு படிப்பு முடிந்தது. 1964இல் அந்தத் தேர்வு நீக்கப்பட்டு, 1965 முதல் எல்லாரும் படிவம் மூன்றுவரை படிக்கலாம் என்ற நிலை வந்தது.

தடை போனாலும் மொழிச் சிக்கல் போகவில்லை. தமிழில் படித்த பிள்ளை ஆங்கிலவழி இடைநிலைப்பள்ளிக்குள் நுழைய ஓராண்டு மொழி கற்க வேண்டியிருந்தது. அதற்கான வகுப்புதான் 'ரிமூவ்' என்ற புகுமுக வகுப்பு.

1970இல் ஆங்கிலப்பள்ளிகளின் முதலாம் வகுப்பு மலாய்மொழிக்கு மாறியது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறி, 1976இல் மாற்றம் படிவம் ஒன்றை எட்டியது. புகுமுக வகுப்பின் மொழியும் மலாயானது. 1988இல் யு.பி.எஸ்.ஆர். வந்தபின், மலாய்மொழித் தாள்களில் தேறியவர் நேரே படிவம் ஒன்றுக்குச் சென்றனர். தேறாதவர் புகுமுக வகுப்புக்குச் சென்றனர்.

பெயர் மாறிய கதை

இங்கேதான் ஒரு வருத்தமான திருப்பம். உதவிக்காக வந்த வகுப்பு, வீட்டுப் பேச்சில் தண்டனையாகிவிட்டது. "ரிமூவ்ல போட்டுட்டாங்க" என்று சொல்லும்போது அம்மாவின் குரல் தாழ்ந்துவிடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும். தன் வயதுத் தோழர்கள் படிவம் ஒன்றில் இருக்க, தான் மட்டும் பின்தங்கிவிட்டதாக நினைக்கும். இப்படித் தொடங்கும் மனச்சோர்வில் பள்ளியையே விட்டவர்களை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

2021இல் யு.பி.எஸ்.ஆர். அகற்றப்பட்டது. தேர்வு பயம் குறைந்தது உண்மை. பிள்ளையின் மலாய்மொழி நிலையைக் கண்டறியும் பொறுப்போ வகுப்பாசிரியரிடம் இன்னும் கூடுதலாக வந்து சேர்ந்திருக்கிறது. பின்னால் நிற்கும் எஸ்.பி.எம். தேர்வையும் மறக்கக் கூடாது. சான்றிதழ் பெற மலாய்மொழியில் தேறினால் போதாது. 2013 முதல் வரலாற்றிலும் தேற வேண்டும். அந்த வரலாற்றுப் பாடமும் மலாயில்தான்.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, கலைச்சொற்கள். 'பின்னம்' தெரிந்த பிள்ளைக்கு 'பெச்சாஹான்' என்ற சொல் தெரியாததால், தெரிந்த கணக்கும் தெரியாததாகிவிடுகிறது. ஆறாம் ஆண்டின் கடைசித் தவணையில் நாளுக்கு ஐந்து சொல் வீதம் கணிதம், அறிவியல், வரலாற்றுச் சொற்களை இரு மொழியிலும் ஒரு குறிப்பேட்டில் எழுத வைக்கலாம். கருத்து ஏற்கெனவே தமிழில் பதிந்திருப்பதால் பிள்ளைகள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது, புகுமுக வகுப்பு ஏன் வந்தது என்பதைப் பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். மொழி கற்கக் கிடைத்த ஓராண்டு அது. பிள்ளை தோற்றுப்போன ஆண்டாக யாரும் அதைப் பேச வேண்டாம்.

மூன்றாவது, தமிழ். இடைநிலைப்பள்ளியில் 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்தக் கல்விச் சட்டம் இடம் தருகிறது. யாரும் கேட்காததால் வகுப்பு இல்லாமல் போன பள்ளிகள் உண்டு. பிள்ளை நம் பள்ளியை விட்டுப் போகும் முன்பே இதைப் பெற்றோரிடம் சொல்லி அனுப்புவோம்.

மாணவர்களே, தேர்வில் 1956, 1965, 1970 ஆகிய ஆண்டுகளை எழுதும்போது, ஒவ்வொன்றும் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு எந்த வழியைத் திறந்தது, எந்தச் சிக்கலை விட்டுவைத்தது என்பதையும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். நீங்களும் அந்த வழியில் வந்தவர்கள்தாம்.