பழைய ஸ்டீரியோ ரிசீவரும் ஸ்பீக்கரும்

வானொலி டியூனர், ப்ரீ ஆம்ப்ளிஃபயர், பவர் ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கிய வீட்டு ஒலிக்கருவி ஸ்டீரியோ ரிசீவர். இடது, வலது என இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் அதனோடு சேர்ந்தால்தான் அது முழுமை பெறும். 1960களின் பிற்பகுதி முதல் 1980களின் தொடக்கம் வரை வந்தவற்றையே இன்று ‘பழைய செட்’ என்று தேடி வாங்குகிறார்கள். தமிழ்நாட்டில் இதன் வரலாறு சற்று வேறுவிதமானது. இங்கே முதலில் ஸ்டீரியோ ஆனது பாட்டுதான். அதைக் கேட்கத் தகுந்த கருவி பெரும்பாலான வீடுகளுக்கு வெகுகாலம் கழித்தே வந்தது, பல வீடுகளுக்கு வரவே இல்லை.

அதற்கு முந்தைய காலம் ஒற்றை ஸ்பீக்கர் காலம். 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண வானொலிச் சங்கம் இங்கே ஒலிபரப்புக்கு வழி திறந்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும், திருச்சி நிலையம் 1939இலும் வந்தன. திருவண்ணாமலையில் ரமணாசிரமக் கூடத்திலும் 1940களில் வானொலிப் பெட்டி இருந்தது. ரமண மகரிஷி தம் உரையாடல்களில் வானொலியை உவமையாக எடுத்தாண்டதும் உண்டு. வானொலி வைத்திருப்பவர்கள் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் கட்டும் வழக்கம் 1980கள் வரை நீடித்தது. வசதி படைத்த வீடுகளின் கூடத்தில் ரேடியோகிராம் நின்றது. மற்றவர்களுக்குப் பாட்டு என்றால் கல்யாண வீட்டு மைக் செட்டும் கோயில் திருவிழாக் குழாயும்தான்.

இரண்டு தடங்களில் ஒலியைப் பதியும் முறைக்கு ஆலன் புளூம்லைன் இங்கிலாந்தில் 1931இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டு பரவலாகக் கடைக்கு வந்தது 1958இல். அமெரிக்காவில் எஃப்.எம். ஸ்டீரியோ ஒலிபரப்பு 1961இல் தொடங்கியதும், டியூனரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒன்றாக்கிய ரிசீவருக்குத் தனிச் சந்தையே உருவானது. ஸ்பீக்கரிலும் ஒரு புரட்சி நடந்திருந்தது. 1954இல் எட்கர் வில்ச்சர் வடிவமைத்த ஏ.ஆர்-1, காற்றுப் புகாமல் மூடிய சிறு பெட்டிக்குள்ளிருந்தே ஆழமான பேஸைக் கொடுத்தது. அலமாரி அளவுப் பெட்டியை ஒரு தட்டில் தூக்கி வைக்கலாம் என்ற நிலை அதன்பிறகே வந்தது. 1970களில் மராண்ட்ஸ், பயனியர், சான்சுயி, கென்வுட் ஆகியவை வாட் கணக்கில் போட்டி போட்டன. 1971இல் வந்த மராண்ட்ஸ் 2270 பக்கத்துக்கு 70 வாட் கொடுத்தது. 1978இல் பயனியர் எஸ்.எக்ஸ்-1980 அதை 270 வாட் வரை கொண்டுபோனது, எடையோ சுமார் 35 கிலோ. இந்தப் போட்டியில் பொய்க் கணக்கு புகாமல் தடுத்தது 1974இல் அமெரிக்க அரசு போட்ட விதி. தொடர்ந்து எத்தனை வாட் தர முடியும், அப்போது சிதைவு எவ்வளவு என்று சொல்லித்தான் விற்க வேண்டும் என்றது அது. அந்தக் காலத்துப் பெட்டியில் 30 வாட் என்று இருந்தால் அது 30 வாட்தான். பிற்பாடு நம் ஊர்க் கடைகளில் ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ (கணநேர உச்ச வாட்) என்று ஸ்டிக்கர் ஒட்டி வந்தவற்றுக்கும் இதற்கும் ஒப்பீடே கிடையாது.

இந்தியாவுக்குள் இவை எளிதில் நுழையவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடும் சுங்க வரியும் வாசலில் நின்றன. 1970இல் கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைனும், மும்பையின் காஸ்மிக்கும் உள்நாட்டிலேயே ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் செய்தன. இந்த இரண்டையும் ஜப்பானியப் பெட்டிகளுக்கு ஒரு படி கீழே வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது, அது நியாயமில்லை. 230 வோல்ட்டுக்கென்றே செய்தவை, பழுது பார்க்க எளியவை, நல்ல நிலையில் கிடைத்தால் தயங்காமல் வாங்கத் தக்கவை. வெளிநாட்டுச் செட் வேண்டுமானால் சிங்கப்பூர், வளைகுடா உறவினரின் பெட்டி வர வேண்டும். இல்லையென்றால் 1969இல் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காகச் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே ஏற்பட்ட பர்மா பஜாருக்குப் போக வேண்டும். உதிரிப் பாகத்துக்கும் ரிப்பேருக்கும் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு.

கேட்பதற்கு என்ன இருந்தது? இந்தியாவின் முதல் எஃப்.எம். ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில் தொடங்கியது. மறு ஆண்டே இளையராஜா இசையில் ‘ப்ரியா’ வந்தது. ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்த் திரைப்பாடல்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவை அதன் பாடல்களே. 1986இல் தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக அவர் அளித்த ‘ஹவ் டு நேம் இட்’, வயலின்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டிய படைப்பு. ஆனால் அந்தப் பாட்டுகள் மக்களிடம் போய்ச் சேர்ந்தது ரெக்கார்டிங் சென்டர் வழியாகத்தான். பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, 60 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கி, ஒற்றை ஸ்பீக்கர் டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டார்கள். இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக அவர் பிரித்து வைத்ததெல்லாம் ஒன்றாகக் கலந்தே காதில் விழுந்தது. பழைய ரிசீவரை இன்று தேடிப் போவதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை: நாம் மனப்பாடமாக அறிந்த பாட்டில் நாம் கேட்காத பாதி இன்னும் இருக்கிறது.

இளையராஜா ரமண பக்தர். ‘ரமண மாலை’ என்ற பாடல் தொகுப்பையும் தந்தவர். அதைத் திருவண்ணாமலை ரமணாசிரமப் பகுதியில், செங்கம் சாலையை ஒட்டிய வீடொன்றில் கேட்க விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது அறையை. கான்கிரீட் கூரை, டைல்ஸ் தரை, வெறும் சுவர் என்றிருந்தால் எந்தச் செட்டும் கணகணக்கும். தரையில் ஒரு பவானி ஜமுக்காளம், எதிர்ச் சுவரில் புத்தக அலமாரி, சன்னலுக்குக் கனத்த திரை போதும். கிரிவலப் பாதை வழியே லட்சக்கணக்கானோர் நடக்கும் பௌர்ணமி இரவு நீங்கலாக, மற்ற நாட்களில் சத்தத்தைக் கூட்ட வேண்டியதே இல்லை. 88 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கர் 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் அந்த 88 டெசிபலைத் தந்துவிடும். 30 வாட்டை 60 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். தணித்துக் கேட்கும்போது பேஸ் மெலிந்துபோவதைச் சரிக்கட்டத்தான் பழைய ரிசீவர்களில் ‘லவுட்னஸ்’ பொத்தான் வைத்தார்கள். அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லாமல் கேட்பவருக்கு அது ஒரு வரம்.

வாங்கும்போது பணத்தைப் பெரும்பாலும் ஸ்பீக்கரில் போடுவதே சரி. ஊஃபரின் கோனை விரல்களால் நாலு பக்கமும் சமமாக, மெல்ல உள்ளே அழுத்திப் பாருங்கள். கரகரவென்று உரசினால் காயில் போயிருக்கிறது. 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸில் ஒரு கணம் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். இரண்டு பெட்டியிலும் அப்படியே நடக்க வேண்டும். ஒன்று உள்ளே போனால் யாரோ ஒயரை மாற்றிப் போட்டிருக்கிறார்கள், பேஸ் மெலிந்துபோகும். ரிசீவரின் பின்புறத்தில் வோல்டேஜ் எழுத்தைப் படிக்காமல் பிளக்கைச் செருகவே கூடாது. அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட், ஜப்பான் உள்நாட்டுப் பெட்டி 100 வோல்ட். வெளிநாட்டினர் கொண்டுவந்த கருவியானால் இது இன்னும் முக்கியம். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ரிசீவரைக் காப்பாற்றும், ஆனால் 60 ஹெர்ட்ஸ் மோட்டார் கொண்ட பழைய ரெக்கார்ட் பிளேயர் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். டிஜிட்டல் டியூனர் கொண்ட அமெரிக்கச் செட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அது எஃப்.எம்.மில் 101.3, 101.5 என்று தாவிப் போகும். சென்னை ரெயின்போவின் 101.4 நடுவில் மாட்டிக்கொள்ளும். முள் நகரும் டயல் வைத்த செட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெயரைப் பார்த்தும் ஏமாற வேண்டாம்: 1990களில் சான்சுயி, அகாய் பெயரில் இங்கு விற்றவை பெரும்பாலும் பெயர் உரிமம் பெற்ற இந்திய நிறுவனங்கள் வழியே வந்தவை.

மேம்படுத்துவது என்றால் பாகத்தை மாற்றிப் பெரிதாக்குவது என்றே பலர் நினைக்கிறார்கள். பழைய செட்டில் அது, பிறந்தபோது இருந்த நிலைக்கு அதைத் திருப்புவதுதான். கோனைச் சுற்றியுள்ள ஃபோம் நம் வெயிலிலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பிசுபிசுத்து உதிரும். ஃபோமை மட்டும் புதிதாக ஒட்டலாம். ரப்பரும் துணியும் வெகுகாலம் தாங்கும். ரிசீவரில் உறுமல் கேட்டால் பவர் சப்ளை கண்டன்சரை மாற்ற வேண்டும். வால்யூம் திருப்பும்போது கரகரத்தால் கான்டாக்ட் கிளீனரே போதும். பவர் ஆம்ப்ளிஃபயருக்கு எஸ்.டி.கே. ஐ.சி. போட்ட செட்டுகளில் அது போய்விட்டால் நிஜமான மாற்று ஐ.சி. கிடைப்பது கடினம், போலி நிறைய நடமாடுகிறது. தனித்தனி டிரான்சிஸ்டர் கொண்ட செட்டுக்கே முதலிடம் கொடுங்கள். ஊஃபரையே மாற்றுவது கடைசி வழி. நெவில் தீல் 1961இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் காட்டியபடி, ஊஃபரின் குணமும் பெட்டியின் கன அளவும் கணக்குப் போட்டுச் சேர்த்தவை. அளவு பொருந்துகிறது என்று வேறொன்றைப் பூட்டினால் பேஸ் ஊதிப்போகும், அல்லது காணாமல் போகும்.

பழைய ஊஃபரையோ டயல் கண்ணாடியையோ வேலை செய்யவில்லை என்று காயலான் கடைக்குப் போடாதீர்கள். தெரிந்த ரேடியோ மெக்கானிக்கிடம் கொடுத்துவையுங்கள். இவற்றை இப்போது எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை. உங்களுடையதே இன்னொருவர் செட்டுக்கு உதிரிப் பாகம்.