பல வயிறு கண்ட பெர்லின்காரர்

குளத்து நீரில் ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் வைத்தால் போதும். செருப்பு வடிவில் விரைவது பாரமீசியம், காம்பில் நின்று சுருங்குவது வோர்டிசெல்லா என்று மாணவர்கள் பட்டென்று சொல்லிவிடுகிறார்கள். விலங்கியல் ஆய்வகத்திலேயே காலம் தள்ளிய எனக்கு அப்போதெல்லாம் கிறிஸ்டியன் ஏரன்பெர்க் நினைவுக்கு வருவார். இவற்றில் பலவற்றுக்கு அடையாளம் வகுத்துக் கொடுத்தவர் அவர். இவை ஒற்றைச் செல் உயிர்கள் என்பதை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை.

இவற்றை முதலில் பார்த்தவர் லேவன்ஹுக். 1674-ல் டெல்ஃப்ட் நகரின் அருகே ஓர் ஏரி நீரில் கண்டதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். வகை பிரிக்கும் வேலையை டென்மார்க்கின் முல்லர் முறையாகத் தொடங்கினார். அவருடைய பெரிய நூல் அவர் இறந்தபின் 1786-ல் வெளிவந்தது.

ஏரன்பெர்க் பிறந்தது 1795-ல். இளமையில் நண்பர் ஹெம்ப்ரிச்சோடு எகிப்து, செங்கடல் என்று அலைந்து, நண்பரை அங்கேயே மண்ணுக்குக் கொடுத்துத் திரும்பியவர். பிறகு பெர்லினில் மைக்ராஸ்கோப்பே கதி. இத்தனை சிறியது எப்படி உண்கிறது என்று அறிய நீரில் அவுரி நீலத்தையும் கார்மைனையும் கலந்துவிட்டார். சற்று நேரத்தில் கண்ணாடி போன்ற உடம்புக்குள் வண்ண உருண்டைகள் ஒவ்வொன்றாகத் தோன்றின. ஒவ்வோர் உருண்டையும் ஒரு வயிறு என்றார். அவற்றைக் கோத்து ஒரு குடலும் வரைந்தார். யூக்ளினாவின் சிவப்புப் புள்ளியைக் கண் என்றார். யானைக்கு உள்ள உறுப்பெல்லாம் அளவில் சுருங்கி இதற்கும் உண்டு என்பது அவர் கட்சி. 1838-ல் 64 படத்தட்டுகளோடு வந்த அவரது நூலின் தலைப்பே இவற்றை முழுமையான உயிரினங்கள் என்று அறிவித்தது.

பிரான்சின் துயார்தான் அதே உருண்டைகளை விடாமல் கவனித்தார். அவை உடம்புக்குள் சுற்றிச்சுற்றி நகர்ந்தன. குடலில் கோத்த வயிறு ஊர்வலம் போகுமா? உள்ளே இருப்பது உறுப்பற்ற கூழ்தான் என்று 1835-ல் எழுதினார். 1845-ல் சீபோல்ட் இவற்றை ஒற்றைச் செல் விலங்குகள் என்று வரையறுத்தார். ஏரன்பெர்க் 1876-ல் சாகும்வரை அசையவில்லை. பிடிவாதம்தான், ஆனால் வயிற்றைத் தேடியதால்தான் வாய் இருக்கும் இடத்தையும் குற்றிழை வரிசையையும் அவ்வளவு உன்னிப்பாக வரைந்தார் என்பது என் கணிப்பு.

அவருடைய சாய உத்தியின் வாரிசு எங்கள் ஆய்வகத்திலும் உண்டு. ஈஸ்ட்டைக் காங்கோ ரெட்டில் வேகவைத்துப் பாரமீசியத்துக்குப் போடுவோம். விழுங்கிய சிவப்பு, உணவுக் குமிழில் அமிலம் ஏற ஏற நீலமாகும். மாணவர்கள் அதை ஜீரணம் என்று ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறார்கள்.

பாரமீசியம் காடேட்டம், யூக்ளினா, கிளாமிடோமோனாஸ் எல்லாம் அவர் வைத்த பெயர்களே. பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் அவருடைய ஸ்லைடுகள் சுமார் 40,000 இருக்கின்றன. ஆனால் மெல்லுடல் கொண்ட இந்த உயிர்கள் காய்ந்தால் உருத் தெரியாமல் போய்விடும். அதனால் இவற்றில் ஒரு பெயர் பற்றி வழக்கு வந்தால், வகைப்பாட்டியலார் 1838-ன் அந்தப் படத்தட்டுகளைத்தான் புரட்டுகிறார்கள், இல்லாத குடலை ஒதுக்கிவிட்டு.