களரியும் வகுப்பறையும்

கூத்தாடுவது படிப்பில்லாதவர் வேலை என்று நம் கற்றோர் எண்ணியிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்த எண்ணத்தை ஈழத்திலே அசைத்தவர்களுள் முதன்மையானவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன்.

1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ சிங்கள அரங்கிற் பெருவெற்றி பெற்றது. தமிழ்க் கூத்திலும் அத்தகைய வளம் உண்டென நம்பிய வித்தியானந்தன், மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியாரைப் பேராதனைக்கு அழைத்து, மாணவருக்கு ஆட்டம் பழக்குவித்தார். 1962இல் ‘கர்ணன் போர்’ மேடையேறிற்று. நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்பன தொடர்ந்தன. பல்கலைக்கழகத்திலே ஆசானாக நின்றவர் ஒரு கிராமத்து அண்ணாவியார் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

இழப்பும் இல்லாமலில்லை. விடிய விடிய வட்டக்களரியில் ஆடிய கூத்து, ஓரிரு மணி நேரத்துக்குச் சுருங்கிப் படச்சட்ட மேடைக்கு வந்தது. நாற்புறமும் சூழ்ந்திருந்த சனம் ஒருபுறத்துப் பார்வையாளராயிற்று.

1970களின் பிற்பகுதியில் கொழும்புப் பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்கு நாடக டிப்ளோமாப் பயிற்சியை நடத்தியது. அதிற் பயின்ற குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடக்கினார். 1980களில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் பட்டப்படிப்புக்குரிய பாடமாயிற்று. பேராதனை மேடையில் இராவணேசனாக ஆடிய சி. மௌனகுரு, மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார்.

எங்கள் வன்னிக்கு வருவோம். வற்றாப்பளைக் கண்ணகியம்மன் பொங்கலை அறியாதவர் இங்கில்லை. அம்மண்ணின் முள்ளியவளையிற் கோவலன் கூத்து வாழ்ந்தது. அதன் ஆட்டப்பாங்கை முல்லைமோடி என்பர். வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமானபோது பிரயோக விஞ்ஞானம், வணிகக் கல்வி, தொழில்நுட்பம் ஆகியனவே அதன் பீடங்களாயின. கூத்துள்ள ஊர்ப் பிள்ளை, கூத்தைப் படிக்க யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போகவேண்டியிருந்தது. இதில் எனக்கு மனக்குறை உண்டு.

உயர்தரத்தில் நாடகம் எடுத்த மாணவன் ஒருவன் ஒருநாள் சொன்னான்: “சேர், ஸ்ரனிஸ்லவ்ஸ்கியைப் பற்றிக் கேட்டால் நாலு பக்கம் எழுதுவன். எங்கட கோவலன் கூத்தைப் பற்றி ஒரு பக்கமும் வருகுதில்லை.”

அவனுடைய அப்பப்பா இளவயதிற் கோவலனாக ஆடியவர். ஒரு கொப்பியோடு அவரிடம் போகச் சொன்னேன். அடுத்த கிழமை வந்தான். கொப்பியில் மூன்று வரிகளே இருந்தன.

“எழுத விடேல்லை சேர். எழும்பி ஆடச் சொன்னவர்.”