மலாக்காத் தமிழரும் உயில் வழக்கமும்

பெரியபுராணத்துத் தடுத்தாட்கொண்ட வரலாற்றை நம் மாணவர் நன்கறிவர். மணப்பந்தலில் வந்து நின்ற முதியவர், நம்பியாரூரர் தம் அடிமை என்று கூறி ஓர் ஓலையைக் காட்டுகிறார். ஆரூரர் அதைக் கிழித்தெறிகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. அங்கே மூல ஓலை வெளிப்படுகிறது. பாட்டனாரின் கையெழுத்து அவர் எழுதிய வேறோர் ஓலையோடு ஒப்புநோக்கப்படுகிறது. பாட்டன் எழுதியது பேரனையும் கட்டும் என அவையோர் முடிவு செய்கின்றனர். இதன் பக்திப் பொருள் ஒருபுறமிருக்க, மூலம், படி, சாட்சி, கையெழுத்து ஒப்பீடு ஆகியவற்றைச் சேக்கிழார் காலமாகிய 12ஆம் நூற்றாண்டிலேயே தமிழர் அறிந்திருந்தனர் என்பது இதனால் விளங்கும்.

ஆவணம் நமக்குப் பழையது, உயில் புதியது. அச்சொல்லே ஆங்கிலத்திலிருந்து வந்ததாகும். கூட்டுக் குடும்பத்தில் தந்தையின் சொத்தில் மகனுக்குப் பிறப்பினாலேயே உரிமை உண்டு என்பது பழைய முறை. ஆகவே, 'இன்னது இன்னாருக்கு' என்று எழுதிவைக்க வேண்டிய தேவை அங்கே பெரிதும் எழவில்லை. இந்தியாவில் இந்துக்களின் உயில்களுக்கெனத் தனிச் சட்டம் 1870ஆம் ஆண்டில்தான் இயற்றப்பட்டது.

மலாக்காவின் வரலாறு இதனின்று வேறுபட்டது. 1641இல் இந்நகரைக் கைப்பற்றிய டச்சுக்காரர், அநாதைகள் மன்றம் என்னும் ஓர் அமைப்பை இங்கு நடத்தினர். பெற்றோரை இழந்த சிறுவர்களின் சொத்தைக் காப்பதும் அதற்குரிய தாள்களைப் பேணுவதும் அதன் பணி. அம்மன்றமும் நீதி அவையும் விட்டுச்சென்ற 1685 முதல் 1835 வரையிலான ஆவணங்கள் இன்றும் இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அதே டச்சுக் காலத்தில்தான், ஆட்சியாளர் அளித்த நிலத்தில், மலாக்காச் செட்டிகளின் பொய்யாத விநாயகர் ஆலயம் 1781இல் எழுந்தது. ஒரு தலைமுறை பெற்ற நிலம் பல தலைமுறைகளுக்குப் பொதுவாக நிற்பதற்கு இவ்வாலயமே சான்று. 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1826ஆம் ஆண்டு நீதிச் சாசனத்தால் ஆங்கிலச் சட்டமும் வந்தது. ஆக, உயில் என்பது மலாக்கா நகருக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கமாகும்.

எனினும், நகரத்துப் பழக்கம் தோட்டத்துக்குச் செல்லவில்லை. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். அதன்பின் மலாக்காவின் காடுகள் தோட்டங்களாயின. அங்குப் பால்மரம் வெட்ட வந்த தமிழனுக்கு எழுதிவைக்க என்ன இருந்தது? மரம் கம்பெனியினுடையது, லயத்து வீடும் கம்பெனியினுடையது. வேலை போனால் வீடும் போயிற்று. எஞ்சியது தாயின் காதோலையும் கழுத்துச் சரடுமே. அவற்றை மூத்த மகளுக்கு என்றோ இளைய மருமகளுக்கு என்றோ அவள் வாயால் சொன்னாள், அச்சொல்லே செல்லுபடியாயிற்று. இல்லாமையில் பிறந்த இப்பழக்கத்தை அறியாமை என்று இகழ்தல் பொருந்தாது.

காலம் மாறியது. 1951இல் ஊழியர் சேமநிதி தோன்றியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட வேளையில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாட்டாளிகள் தவணை செலுத்திப் பங்குதாரர் ஆயினர். பின்னர் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மலாக்கா நகரைச் சூழ்ந்த தாமான்களிலும் நம்மவர் வீடு வாங்கினர். சொத்து வந்தது, எழுதும் வழக்கம் மட்டும் வரவில்லை. இன்றைய இடர்ப்பாட்டின் வேர் இதுவே.

எழுதாமல் இறந்தவரின் சொத்தைச் சட்டமே பங்கிடும். முஸ்லிம் அல்லாதார்க்கு 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் உள்ளது. தொடக்கத்தில் அதன்படி மனைவி இறந்தால் முழுச் சொத்தும் கணவனுக்கு. கணவன் இறந்தாலோ, பிள்ளைகள் இருப்பின் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கே. இவ்வேற்றத்தாழ்வு 1997ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. பெற்றோருக்கும் பங்கு கிடைத்தது. ஓர் எடுத்துக்காட்டு: தாய், மனைவி, மூன்று பிள்ளைகளை விட்டு ஒருவர் இறக்கிறார். வீட்டின் மதிப்பு 1,20,000 ரிங்கிட். தாய்க்கு 30,000, மனைவிக்கு 30,000, பிள்ளை ஒவ்வொருவருக்கும் 20,000. கணக்கு நேர்மையானதே. ஆனால் வீடு ஒன்று, உரிமையாளர் ஐவர். எல்லாரும் இசைந்தாலன்றி அவ்வீட்டை எளிதில் விற்கவும் இயலாது, ஒருவர் பெயருக்கு மாற்றவும் இயலாது. 'வீடு அவளுக்கே' என்று கணவன் ஆயிரம் முறை வாயால் சொல்லியிருப்பினும் சட்டம் அதைக் கேளாது.

1959ஆம் ஆண்டு உயில் சட்டம் கேட்பது மிகுதியன்று. எழுதுபவர் 18 வயது நிறைந்தவராகவும் தெளிந்த மனத்தினராகவும் இருத்தல் வேண்டும். இரு சாட்சிகள் ஒருசேர இருக்க அவர் கையொப்பமிட வேண்டும். சாட்சிகளும் அவர் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். சொத்துப் பெறுபவரோ அவர்தம் கணவன் மனைவியரோ சாட்சியானால், அவர்க்கு எழுதியது செல்லாது. மணம் புரிந்தால் முன்னெழுதிய உயில் அழிந்துவிடும். சேமநிதிக்குக் கொடுத்த பெயரோ மணத்தினால் தானே மாறாது. மணமாகுமுன் தாயின் பெயரைக் கொடுத்தவர், பின்னர் அதை மறந்துவிட்டால், மனைவி வெறுங்கையோடு திரும்ப நேரிடும்.

இன்னும் இரண்டு தடைகள் நம்மவர்க்கே உரியவை. ஒன்று, பதிவு செய்யாத திருமணம். 1982 மார்ச் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ள திருமணச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கியது. கோயிலில் தாலி கட்டியதோடு நின்றவரின் துணைவி, தாம் மனைவியே என்று மெய்ப்பிக்கும் சுமையைத் துயரத்தின் நடுவே சுமக்கிறார். மற்றொன்று, பெயரின் எழுத்துக்கூட்டல். பிறப்புப் பத்திரத்தில் முனியம்மாள், அடையாள அட்டையில் முனியம்மா, நிலப்பட்டாவில் முனிம்மா என்றிருந்தால், மூவரும் ஒருவரே என உறுதிமொழிப் பத்திரம் எழுதித் திரிய வேண்டும்.

வழிகள் இல்லாமல் இல்லை. உயிலின்றி நிலம் விட்டு இறந்தவரின் சொத்தை, நீதிமன்றம் செல்லாமலே நில நிர்வாகத்தின் சிறுசொத்துப் பிரிவில் பங்கிடலாம். அதற்குரிய மதிப்பு வரம்பு 2024 ஜூலையில் 20 இலட்சத்திலிருந்து 50 இலட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. 1921இல் தொடங்கிய பொது அறங்காவலர் துறையின் வழிவந்த அமானா ராயா நிறுவனமும் உள்ளது. உயில் எழுதினால் வரி வரும் என்று அஞ்சுவார் சிலர். மரணச் சொத்து வரி 1991 நவம்பரிலேயே நீக்கப்பட்டுவிட்டது. உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்று அஞ்சுவாரும் உளர். அவர்க்கு நாம் கூறக்கூடியது, எழுதாதாரும் இறந்தனர் என்பதே.

தோட்டப்புறத்தில் மனு எழுதவும் கடிதம் படிக்கவும் மக்கள் நாடிவந்த இடம் தமிழ்ப்பள்ளி. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் நாம் எழுதும் பெயரும் தந்தை பெயரும் நாளை ஒரு குடும்பத்துக்குத் துணைச்சான்று ஆகலாம். அதைப் பிறப்புப் பத்திரத்தோடு எழுத்தெழுத்தாய் ஒப்பிட்டு எழுதுதல் ஆசிரியரின் கடமை. மாணவரும் தம் குடும்பக் கால்வழியை வரைந்து, பாட்டன் பாட்டியர் பெயர்களை அடையாள அட்டையில் உள்ளவாறே குறிக்கலாம். அப்பயிற்சிக்காகப் பெட்டியில் கிடக்கும் தாள்களைக் குடும்பத்தார் ஒருமுறை எடுத்துப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. நம் முன்னோர்க்கு எழுதிவைக்கப் பொருளில்லை. பொருள் உள்ள நாம் எழுதாமல் விடுதல், அவர்கள் வியர்வையை வழக்காடு மன்றத்து வாயிலில் விட்டுவருவதாகும்.