நழுவலும் பிடிப்பும்: மாரிகுப்பத்திலிருந்து டார்க் கன்வெர்ட்டரின் வரலாறு

கோலார் தங்கவயல் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரு ஆண்டுகளுக்கு இடையில் அடங்கிவிடுகின்றன. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியில் இறங்கியது தொடக்கம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டது முடிவு. மூலதனம், சாதி, தொழிற்சங்கம், நுரையீரல் நோய், வறுமை ஆகிய அனைத்தும் இந்த எல்லைக்குள் பேசப்பட்டிருக்கின்றன, பேசப்பட வேண்டியவையே. ஆனால் இவ்வூரின் உழைப்போடு நூறாண்டுகளுக்கும் மேலாகப் பிணைந்திருந்த ஒரு பொறியியல் கேள்விக்கு அந்த ஆய்வுகளில் இடமில்லை. அசையாமல் நிற்கும் பெருஞ்சுமையை முதல் அடி நகர்த்துவது எப்படி? சுரங்கத்தோடு இக்கேள்வி முடிந்துவிடவில்லை. கனமான டிரெய்லரை இழுக்கும் டீசல் டிரக்கின் டார்க் கன்வெர்ட்டரை மேம்படுத்த வேண்டுமா என்று இன்று ஒரு மெக்கானிக் யோசிக்கும்போதும் அவர் எதிர்கொள்வது இதே கேள்விதான்.

சுரங்கத்திலிருந்தே தொடங்குவோம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. அத்தகைய ஆழங்களில் கூண்டின் எடையை மட்டும் கணக்கிட்டால் போதாது. தொங்கும் இரும்புக் கயிற்றின் எடையே பெருஞ்சுமையாகிவிடும். கூண்டு அடியில் இருக்கும்போது கயிறு முழுவதும் தொங்குகிறது. மேலே வர வர எடை குறைகிறது. ஆகவே மிகுந்த முறுக்குவிசை தேவைப்படுவது தொடக்கத்தில்தான். ஆழ்சுரங்கப் பொறியாளர்கள் இதற்குக் கண்ட விடைகளுள் ஒன்று கூம்பு வடிவ உருளை. கயிறு முதலில் சிறிய விட்டத்திலும், சுமை குறையக் குறையப் பெரிய விட்டத்திலும் சுற்றும். இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டாமலே, அதை விசையாகவும் வேகமாகவும் தேவைக்கேற்பப் பங்கிடும் ஏற்பாடு இது.

1894இல் பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை ரயில் பாதை வந்தது. 1902இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவனசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. நீராவி, மின்சாரம் ஆகிய இரண்டுக்கும் ஒரு பொதுப் பண்பு உண்டு: சக்கரம் சுழலாத நிலையிலேயே அவற்றால் பெரும் இழுவிசையைத் தர முடியும். நீராவி பிஸ்டனை அழுத்தத் தொடங்கும் கணத்திலேயே வண்டி இழுபடுகிறது. டீசல் எஞ்சினால் இது இயலாது. ஒரு குறைந்தபட்சச் சுழற்சிக்குக் கீழே அது நின்றுவிடும். சுழலும் எஞ்சினையும் நிற்கும் சக்கரத்தையும் நேரடியாக இணைக்க வழியில்லை. நீராவியிலிருந்து டீசலுக்கு மாறியதை எரிபொருள் மாற்றமாக மட்டும் எழுதும்போது இந்தச் சிக்கல் நம் பார்வையிலிருந்து தப்பிவிடுகிறது.

இதற்கான விடை டீசல் வாகனத்திலிருந்து பிறக்கவில்லை, கப்பலிலிருந்து பிறந்தது. ஜெர்மனியின் ஸ்டெட்டின் நகரில் வல்கன் கப்பல் தளத்தில் பணியாற்றிய ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905இல் ஒரு காப்புரிமை பெற்றார். வேகமாகச் சுழலும் நீராவி டர்பைனுக்கும் மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறிக்கும் இடையே பற்சக்கரங்களுக்குப் பதிலாக ஒரு திரவத்தை வைப்பதே அவருடைய யோசனை. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் பம்ப் திரவத்தை வீசுகிறது. எதிரேயுள்ள டர்பைன் அந்த வீச்சை வாங்கிச் சுழல்கிறது. இரண்டுக்கும் இடையே அசையாமல் நிற்கும் ஸ்டேட்டர், திரும்பி வரும் திரவத்தின் திசையை மாற்றிவிடுகிறது. இந்தத் திசைமாற்றத்தால்தான் வெளிவரும் முறுக்குவிசை உட்செல்லும் முறுக்குவிசையைவிட அதிகமாகிறது. இன்றைய வாகனங்களில் சுமை அசையத் தொடங்கும் கணத்தில் இது இரண்டு மடங்கு அல்லது அதற்கும் மேல் பெருகுவது வழக்கம். சுரங்க உருளையின் கூம்பு வடிவம் செய்த பங்கீட்டை இங்கே எண்ணெய் செய்கிறது.

இந்தப் பெருக்கத்திற்கு ஒரு விலை உண்டு. பம்பும் டர்பைனும் வெவ்வேறு வேகத்தில் சுழலும்போதுதான், அதாவது நழுவல் இருக்கும்போதுதான், முறுக்குவிசை பெருகும். அந்நழுவல் எண்ணெயைச் சூடாக்கும். 200 கிலோவாட் ஆற்றலை 80 விழுக்காடு திறனோடு கடத்தும் கன்வெர்ட்டரில் 40 கிலோவாட் வெப்பமாகிறது. சுமையோடு மேட்டில் மெதுவாக ஏறும் டிரக்கில் இவ்வெப்பம் நிமிடக்கணக்கில் தொடர்ந்தால் எண்ணெய் தன் பண்பை இழக்கும். பிறகு கிளட்ச் தகடுகளும் சீல்களும் கெடும். ஆகவே ஃபொட்டிங்கருக்குப் பிந்தைய வரலாற்றை, தேவைப்படும்போது நழுவலை அனுமதித்து, தேவையற்றபோது அதை நிறுத்தும் முயற்சிகளின் வரலாறாகவே நான் வாசிக்கிறேன். 1920களின் இறுதியில் ஜெர்மனியில் உருவான ட்ரைலோக் அமைப்பில் ஸ்டேட்டர் ஒருவழிக் கிளட்ச் மீது அமர்ந்தது. முறுக்குவிசைப் பெருக்கம் தேவைப்படாதபோது அதுவும் சேர்ந்து சுழன்றது. 1930களில் பிரிட்டனின் லேலண்ட் பேருந்துகளில் கன்வெர்ட்டரோடு நேரடி இணைப்பும் சேர்ந்தது. 1949இல் அமெரிக்காவின் பேக்கார்ட் கார்களில் லாக்-அப் கிளட்ச் வந்தது. அது வேகம் கூடியபின் பம்பையும் டர்பைனையும் ஒன்றாகப் பூட்டிவிடும்.

இந்தியாவும் இவ்வரலாற்றுக்குள் உண்டு. இந்திய ரயில்வேயின் பொறியாளர் எம்.எம். சூரி வடிவமைத்த 'சூரி டிரான்ஸ்மிஷன்', புறப்படும்போது கன்வெர்ட்டரையும் வேகம் கூடியபின் இயந்திர இணைப்பையும் பயன்படுத்தியது. சித்தரஞ்சன் ஆலையில் உருவான ஷன்டிங் டீசல் எஞ்சின்களில் அது இடம்பெற்றது. நின்ற பெட்டிகளை ஓயாமல் இழுப்பதும் தள்ளுவதுமே ஷன்டிங் எஞ்சினின் வேலை என்பதை நினைத்தால், அங்கு இது ஏன் தேவைப்பட்டது என்பது விளங்கும்.

மீண்டும் தங்கவயல். 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1964இல் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம், மக்கள் வழக்கில் 'பெமல்', தோற்றம் கொண்டது. தங்கவயல் அதன் முக்கிய உற்பத்தி மையமாயிற்று. சுரங்கம் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில், சுரங்கக் குடும்பங்களின் அடுத்த தலைமுறையில் ஒரு பகுதியினர் புல்டோசர்களும் அவற்றுக்கான கியர்பெட்டிகளும் அச்சுகளும் ஹைட்ராலிக் பாகங்களும் செய்யும் பணிக்குச் சென்றனர். பி.டி. 355 போன்ற பெரிய புல்டோசர்களின் இதயத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. மண்மேட்டில் மோதி ஏறக்குறைய நின்றுவிட்ட நிலையிலும் எஞ்சின் அணையாமல் தள்ளிக்கொண்டிருப்பது அதனால்தான். கயிற்றாலும் உருளையாலும் சுமை தூக்கிய ஊர், எண்ணெயால் சுமை தள்ளும் இயந்திரங்களைச் செய்யும் ஊரும் ஆயிற்று. ஆனால் இந்தத் தொடர்ச்சி, 'தங்கம் தீர்ந்தது, ஊர் பாழானது' என்ற கதைச் சட்டகத்துக்குள் அடங்குவதில்லை. அதனாலேயே எழுதப்படாமல் போகிறது.

இனி 'மேம்படுத்தல்' என்ற சொல்லுக்கு வருவோம். நம் நாட்டுச் சரக்கு லாரிகளில் பெரும்பாலானவை இன்றும் கிளட்சும் கைக்கியரும் கொண்டவை. ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியோடு டிரெய்லர் இழுக்கும் டீசல் டிரக்குகள் பெருகியிருப்பது அமெரிக்காவில். கன்வெர்ட்டர் மாற்றும் வழக்கம் தழைத்திருப்பதும் அங்கேதான். அங்கு செய்யப்படும் மாற்றங்கள் பெரும்பாலும் மூன்று. டீசல் எஞ்சின் ஏறத்தாழ 1,600 முதல் 2,000 சுழற்சிக்குள் உச்ச முறுக்குவிசையைத் தருவதால், அதற்கேற்பக் குறைந்த ஸ்டால் வேகம் கொண்ட கன்வெர்ட்டரைத் தேர்வது ஒன்று. லாக்-அப் கிளட்சில் ஒரு தகட்டுக்குப் பதில் இரண்டு மூன்று தகடுகளை வைத்து, கூடுதல் முறுக்குவிசையிலும் பிடிப்பு விடாமல் செய்வது மற்றொன்று. அழுத்தத்தில் புடைக்காத தடித்த மேலுறையும் பெரிய எண்ணெய்க் குளிரூட்டியும் பொருத்துவது மூன்றாவது. இவற்றில் எதுவும் எஞ்சினுக்கு ஒரு குதிரைத்திறனைக்கூடக் கூட்டுவதில்லை. இருக்கும் ஆற்றல் எவ்விடத்தில் வெப்பமாகிறது, எவ்விடத்தில் இழுவையாகிறது என்பதையே அவை மாற்றுகின்றன. இறக்கத்தில் எஞ்சின் பிரேக் நம்பகமாக வேலை செய்வதற்கும் லாக்-அப்பின் பிடிப்பு உதவுகிறது. பின்னால் பல டன் சுமை தள்ளிவரும் ஓட்டுநருக்கு அது உயிர் காக்கும் ஏற்பாடு.

வரலாற்று மாணவர்கள் இங்கு கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காப்புரிமைக்கு ஆண்டும் பெயரும் இருப்பதால் ஃபொட்டிங்கர் நூல்களில் இடம்பெறுகிறார். பழுதுபார்க்கும்போது எந்தத் தகடு ஏன் கருகியது என்று கண்டறிந்து அடுத்த வடிவத்துக்கு வழிவகுத்த தொழிலாளரின் அறிவு காப்புரிமையாவதில்லை. பணிமனைப் பதிவேட்டிலும் நினைவிலும் தங்கி, அவரோடு ஓய்வுபெற்றுவிடுகிறது. கண்டுபிடிப்பின் வரலாறு ஐரோப்பாவுக்கும், உழைப்பின் வரலாறு நமக்கும் என்ற பங்கீடு இப்படித்தான் உருவாகிறது. உழைப்பாளரை உடலாக மட்டும் காணும் பார்வையை, அவர்மீது பரிவு கொண்ட ஆய்வுகளும் அறியாமல் ஏற்றுக்கொள்கின்றன.

தங்கவயலில் ஆய்வு செய்ய விரும்பும் இளையோரிடம் ஒரு வேண்டுகோள். சுரங்கத் தண்டின் ஆழத்தைப் பற்றிக் கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஓய்வுபெற்ற பொருத்துநர்களிடமும் கடைசலாளர்களிடமும், இயந்திரத்தின் எந்த ஒலியைக் கேட்டு எந்தப் பழுதை அறிந்தார்கள் என்று கேளுங்கள். பாகங்களைத் தமிழில் என்ன பெயரிட்டு அழைத்தார்கள், ஆங்கிலக் கையேட்டின் எந்த அறிவுரையை நடைமுறையில் மாற்றிக்கொண்டார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய பராமரிப்புக் குறிப்பேடுகள் வீடுகளில் இருந்தால், அவை எடைக்குப் போகுமுன் படியெடுங்கள். மாரிகுப்பத்திலிருந்து ஒவ்வொரு நாள் காலையிலும் பெங்களூருக்கு வேலை தேடிச் செல்லும் ரயிலில் அமர்ந்திருப்போரின் கைகளில் எந்த அறிவு தொடர்கிறது, எது அறுந்துவிட்டது என்பதை அந்தப் பதிவுகள் இல்லாமல் நம்மால் எழுத முடியாது.