சுண்ணாகத்துக் கிணற்று நீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுமில்லை. மாரிமழை சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கிக் கிணறுகளில் ஊறுகின்றது. பாறையின் கல்சியம் கரைந்து வருவதால் எங்களது வன்னீர். சவர்க்காரம் இலகுவில் நுரைக்காது; கேத்தலின் அடியில் வெள்ளைப் படை கட்டும். என் தாயார் அதனைப் பழப்புளி போட்டுக் கழுவுவார். கொழும்பில் பணிபுரிந்த காலத்தில் அங்குள்ள மென்னீர்த் தேநீர் எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை.

வன்மையை எவரும் குறையாகக் கருதியதில்லை. கொதிக்க வைத்தால் ஒரு பகுதி படிந்துவிடும். எண்ணெய் அவ்வாறன்று. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுண்ணாகம் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தமை பெரும் பிரச்சினையாயிற்று. மழையை உள்வாங்கும் அதே வெடிப்புகள்தாம் எண்ணெய்க்கும் வழிவிட்டன. சொந்தக் கிணறு வைத்திருந்தவர்கள் பவுசருக்காகக் காத்து நின்றனர். பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா நட்டஈடு வழங்குமாறு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 ஏப்ரலில்.