காந்த நானோதுகள்

காந்தப்புலத்துக்கு வசப்படும் மிக நுண்ணிய துகள். மருத்துவத்தில் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடால் ஆனது.

சொற்பிறப்பு: 'அயஸ்காந்தம்' என்ற வடசொல்லில் 'அயஸ்' இரும்பு, 'காந்தம்' அதன் விருப்பத்துக்குரியது. தமிழில் பின்பகுதி மட்டும் நிலைத்தது. 'நானோ'வின் மூலம் குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 1960இல் அனைத்துலக அலகு முறை அதை நூறு கோடியில் ஒரு பங்குக்கான முன்னொட்டாக ஏற்றது. 'துகள்' பொடி, புழுதியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்.

வழக்கு: (1) எம்.ஆர்.ஐ. படமெடுப்பில். கல்லீரலின் நலமான பகுதியிலுள்ள குப்ஃபர் செல்கள் இத்துகள்களை விழுங்குவதால் அப்பகுதி படத்தில் கறுக்கும். பொதுவாக அச்செல்கள் இல்லாத புற்றுக்கட்டி வெளிறித் தெரியும். (2) வெப்பச் சிகிச்சையில். துகள்களைக் கட்டிக்குள் செலுத்தி, திசை மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தில் வைத்தால் அவை சூடேறும். சுமார் 43 டிகிரி செல்சியஸில் புற்றுச்செல்கள் நலிந்து, கதிர்வீச்சுக்கு எளிதில் இரையாகும். 1957இல் அமெரிக்காவில் கில்கிறிஸ்ட் குழுவினர் நிணநீர் முடிச்சுகளைச் சூடேற்ற இவ்வழியை ஆராய்ந்தனர்.

ஒப்பிடுக: 'கண் காந்துகிறது' என்பதிலுள்ள காந்துதல், எரிதலைக் குறிக்கும் தனித் தமிழ்வினை, காந்தத்தோடு உறவில்லாதது. ஆயினும் இச்சிகிச்சையில் காந்தம் காந்தவே செய்கிறது.